செக்: ராஜா முதல் காசோலை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தின் 'செக்' என்ற சொல்லுக்குச் செஸ் பலகையில் ஒரு பொருள், வங்கியில் ஒரு பொருள், துணியில் ஒன்று, குழாய் வேலையில் ஒன்று, உணவகத்தில் இன்னொன்று. இவற்றில் பாதியைத் தமிழிலும் அப்படியே புழங்குகிறோம், குழப்பத்தையும் சேர்த்து. அந்தச் சொல்லைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் விடைகளும் கீழே.

இத்தனை பொருளும் ஒரே சொல்லுடையவையா, ஓசை ஒத்த வெவ்வேறு சொற்களா?

ஒரே சொல்தான். பந்தடிக்கும் மட்டைக்கும் வௌவாலுக்கும் ஆங்கிலத்தில் 'பேட்' என்றே பெயர். ஆனால் அவை வேறு வேறு மூலத்திலிருந்து வந்து தற்செயலாக ஒரே உருவத்தில் நின்றுவிட்டவை. 'செக்' அப்படியல்ல. அதன் எல்லாப் பொருளும் செஸ் ஆட்டத்திலிருந்து கிளம்பியவை.

கிளம்பிய சொல் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை ராஜாவைப் பிடித்துக்கொண்டது: தடுத்தல், அடக்கிவைத்தல், சரிபார்த்தல் எல்லாம் அதில் அடங்கும். இன்னொரு கிளை பலகையைப் பிடித்துக்கொண்டது: கட்டம், கட்டம் போட்ட துணி, பந்தய முடிவில் ஆட்டும் கொடி, இங்கிலாந்துக் கருவூலத்தின் பெயர். பிரிந்த கிளைகள் மறுபடி சந்தித்துக்கொள்ளும் இடம் காசோலை. இந்த ஒரு வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

முதன்முதலில் அதற்கு என்ன பொருள்?

ராஜா. பாரசீகத்தில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர். ஆட்டத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா!' என்று குரல் கொடுப்பார்கள். 'உன் ராஜாவைப் பார்த்துக்கொள்' என்பதன் சுருக்கம். ஆட்டம் அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது குரலும் கூடவே போனது. இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்கஸ்', பழைய பிரெஞ்சில் 'எஷெக்', 1300 வாக்கில் ஆங்கிலத்தில் 'செக்'.

'செஸ்' என்ற பெயரும் இதே சொல்தான். 'எஷெக்' என்பதன் பன்மை 'எஷெஸ்'. முன்னெழுத்து உதிர்ந்து 'செஸ்' ஆயிற்று. ஆக, 'செஸ்' என்றால் 'ராஜாக்கள்' என்றுதான் பொருள்.

இன்னும் பின்னோக்கிப் போனால் உறவு நம் பக்கமும் வந்துசேரும். 'ஷா' என்பதன் பழம்பாரசீக வடிவம் 'ஆளுதல்' என்ற வேரிலிருந்து பிறந்தது. சமஸ்கிருதத்தின் 'க்ஷத்ர', அதாவது ஆட்சி, அதிகாரம், அதற்கு உடன்பிறப்பு. 'சத்திரியர்' என்று தமிழில் வழங்கும் சொல்லும் 'செக்' என்ற சொல்லும் தூரத்துப் பங்காளிகள்.

'செக்மேட்' என்றால் 'ராஜா செத்தான்' என்று பொருளா?

பல நூல்களில் அப்படித்தான் இருக்கும். அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான். அதனால் 'ஷா மாத்' என்பதை 'ராஜா இறந்தான்' என்று விளக்கிவிடுவார்கள். ஆனால் தொடர் பாரசீகத்தில் உருவானது. அங்கே 'மாத்' என்றால் செய்வதறியாது நிற்பவன், கதியற்றவன் என்று பொருள். அரபிச் சொல்லின் ஓசை ஒத்துப்போனதால் இறப்பு பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

ஆட்ட விதியும் பாரசீகப் பொருளுக்கே சாட்சி சொல்கிறது. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. நகர இடமில்லாமல் அவர் நிற்கும் இடத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும். இன்னொன்று: ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கும் 'மேட்' வேறு சொல், அது கூட உண்பவன் என்ற பொருளில் ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது.

ராஜாவைக் குறித்த சொல் 'தடுத்தல்' என்று மாறியது எப்படி?

செக் விழுந்தவுடன் ஆட்டக்காரர் தன் திட்டத்தை எல்லாம் நிறுத்தியாக வேண்டும். அவருக்கு மூன்றே வழிகள்: ராஜாவை நகர்த்தலாம், தாக்கும் காயை வெட்டலாம், இடையில் ஒரு காயை வைத்து மறிக்கலாம். தாக்குவது குதிரையாக இருந்தால் மறிக்கும் வழியும் இல்லை. எதிராளியின் கையைக் கட்டிப்போடும் இந்த நிலைதான் பொருள் மாற்றத்தின் விதை.

14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'செக்' என்றால் திடீர்த் தடை, ஓட்டத்தை நிறுத்துதல் என்று செஸ்ஸுக்கு வெளியேயும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். வேட்டையில் இது நன்றாக வேரூன்றியது. மோப்பம் பிடித்து ஓடும் நாய்கள் வாசனையைத் தவறவிட்டுத் திகைத்து நின்றால் அது 'செக்'. பழக்கிய வல்லூறு தன் இரையை விட்டு வேறு அற்பப் பறவையின் பின்னால் போனாலும் 'செக்' என்றார்கள். கோபத்தை அடக்கு, செலவைக் கட்டுப்படுத்து, தீயைப் பரவாமல் நிறுத்து என்று இன்று சொல்லும்போது வருவதும் இந்தத் தடுப்புப் பொருள்தான்.

அப்படியானால் 'சரிபார்த்தல்' எப்போது வந்தது?

தாமதமாகத்தான், 17ஆம் நூற்றாண்டில். இன்று அதுவே முதற்பொருளாகத் தோன்றுவதால், 'சோதிப்பது' என்பதிலிருந்து மற்றவை பிறந்தன என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர் எதிர்.

ஒருவர் சொல்லும் கணக்கை அப்படியே ஏற்காமல், இன்னொரு பதிவோடு வைத்துப் பார்த்து அவர் கை நீளாமல் தடுப்பதற்கு 'செக்' என்று பெயர் வந்தது. தடுக்கும் நோக்கத்தில் ஒப்பிட்டார்கள். நாளடைவில் தடுப்பு பின்னால் போய், ஒப்பிடுதல் முன்னால் வந்து நின்றது. அதனால்தான் இன்றும் ஆங்கிலத்தில் 'செக்' என்ற வினை வெறுமனே பார்ப்பதைக் குறிப்பதில்லை. சரியா தவறா என்று எதையோ வைத்து ஒத்துப்பார்ப்பதே அதன் உட்கிடை.

இங்கிலாந்தின் நிதியமைச்சருக்கு ஏன் 'சான்சலர் ஆஃப் த எக்ஸ்செக்கர்' என்று பெயர்?

இது பலகைக் கிளையின் கதை. லத்தீனில் 'ஸ்காக்காரியம்', பிரெஞ்சில் 'எஷெக்கியே' என்றால் செஸ் பலகை. இங்கிலாந்து அரசன் முதலாம் ஹென்றி காலத்தில், 1110ஆம் ஆண்டு ஆவணத்திலேயே, அரசக் கருவூலக் கணக்கு மன்றம் இந்தப் பெயரால் குறிக்கப்படுகிறது. காரணம் அங்கே போட்டிருந்த மேசை.

1170களில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி அந்த மேசையின் அளவையே எழுதிவைத்திருக்கிறார். நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. மேலே வைத்தது உருண்டு விழாமலிருக்க நான்கு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. அதன்மேல் ஈஸ்டர் பருவத்தில் வாங்கிய கறுப்புத் துணி. துணியில் ஓரடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள்.

கட்டங்கள் அழகுக்குப் போட்டவை அல்ல. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டல் கழித்தல் செய்வது பெரும்பாடு. எனவே வில்லைகளை நகர்த்திக் கணக்கிட்டார்கள். வலது ஓரப் பத்தி பென்னிக்கு. அடுத்தது ஷில்லிங், அதற்கடுத்தது பவுண்டு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம். பென்னிப் பத்தியில் 12 வில்லை சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு ஷில்லிங் பத்தியில் ஒன்று வைப்பார்கள். ஷில்லிங்கில் 20 சேர்ந்தால் பவுண்டில் ஒன்று. பவுண்டில் 20 சேர்ந்தால் அடுத்த பத்தியில் ஒன்று; அந்தப் பத்தியில் ஐந்து சேர்ந்தால் நூறில் ஒன்று. மாவட்டத்தில் அரசனுக்காக வரி தண்டும் அதிகாரியான ஷெரீஃப் கட்டவேண்டிய தொகையை ஒரு வரிசையிலும் கட்டிய தொகையை இன்னொரு வரிசையிலும் வைத்துக் கழித்தால் பாக்கி எவ்வளவு என்பது எழுத்தறியாதவர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். மேசைக்கு ஒரு பக்கம் கருவூல அதிகாரி, எதிர்ப்பக்கம் ஷெரீஃப். இவர்களுக்குள் நடப்பதும் செஸ் போல ஒரு போர்தான் என்று ஃபிட்ஸ்நீலே சொல்கிறார்.

கட்டிய பணத்துக்கு அப்போது ரசீது மரக்குச்சி. குச்சியில் வெட்டும் குறியின் அகலத்துக்கும் விதி இருந்தது: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்குப் பருத்த வாற்கோதுமை மணி. குறி வெட்டிய பின் குச்சியை நெடுக்குவாட்டில் பிளந்து ஒரு பாதியைக் கட்டியவரிடம் கொடுத்து, மறுபாதியைக் கருவூலத்தில் வைத்துக்கொள்வார்கள். இரண்டும் பொருந்தினால்தான் செல்லும். ஒரு பாதியில் திருட்டுத்தனமாகக் கூடுதல் குறி வெட்டினால் மறுபாதி காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறை 1826 வரை நீடித்தது. சேர்ந்துபோன பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்ற அடுப்பில் போட்டு எரித்தபோது நெருப்பு மீறி நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

காசோலைக்கு 'செக்' என்ற பெயர் எப்படி வந்தது?

காசோலைத் தாளுக்கு முதலில் அந்தப் பெயர் இல்லை. அதன் அடிக்கட்டைக்குத்தான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழித்துக் கொடுத்த தாளில் யாராவது தொகையைத் திருத்தினால் கண்டுபிடிக்க, நம்மிடமே தங்கும் துண்டு ஒன்று வேண்டியிருந்தது. மோசடியைத் தடுக்கும் அந்தத் துண்டு 'செக்'. பிளந்த குச்சியின் அதே தந்திரம், இப்போது காகிதத்தில். பிறகு அடிக்கட்டையின் பெயர் தாளுக்குத் தாவிவிட்டது.

தாள் மட்டும் பெயரை விடப் பழையது. 1659 பிப்ரவரி 16 தேதியிட்டு, லண்டனின் கிளேட்டன் அண்டு மாரிஸ் நிறுவனத்தின் பேரில் 400 பவுண்டுக்குக் கையால் எழுதிய ஒன்று இன்றும் இருக்கிறது. அச்சிட்ட படிவத்தை 1717இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து கொண்டுவந்தது.

ஆங்கிலத்தில் 'செக்' என்ற சொல்லின் முடிவில் 'சி-கே' (ck) எழுதுவதா, 'கியூ-யூ-இ' (que) எழுதுவதா?

அமெரிக்க ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'சி-கே'. வேறு யோசனையே வேண்டாம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வங்கித் தாளுக்கு மட்டும் 'கியூ-யூ-இ'. தடுத்தல், சரிபார்த்தல், துணியின் கட்டம் மூன்றுக்கும் 'சி-கே'. இந்தப் பிரிவினை 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 'எக்ஸ்செக்கர்' என்ற கம்பீரமான பெயரின் எழுத்துகள் பார்வைக்குப் பிடித்துப்போய் வங்கித் தாளுக்கும் ஒட்டிக்கொண்டன.

தவறு நிகழும் இடம் ஒன்று உண்டு. துணியின் கட்டத்துக்குப் பிரிட்டிஷ் வழக்கில் 'சி-கே' என்றாலும், 'கட்டம் கட்டமான' என்ற பெயரடைக்கு 'கியூ-யூ' வரும். பந்தய முடிவில் ஆட்டும் கறுப்புவெள்ளைக் கொடிக்கும், ஏற்றமும் இறக்கமுமான வாழ்க்கையைக் குறிக்கும் 'செக்கர்டு' என்பதற்கும் லண்டனில் 'கியூ', நியூயார்க்கில் 'சி-கே'. ஒரே கட்டுரையில் இரண்டு முறையையும் கலந்துவிடாமல் இருந்தால் போதும்.

அமெரிக்க உணவகத்தில் 'செக்' கேட்கிறார்களே, அது காசோலையா?

இல்லை, பில். பணம் தரவேண்டியதற்கான அடையாளச் சீட்டு என்ற பொருளில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிறந்த வழக்கு அது. அதற்கு முன்பே அங்கே அடையாள வில்லைகளுக்கு 'செக்' என்று பெயர் இருந்தது. ரயிலில் பெட்டியை ஒப்படைத்தால் ஒரே எண் பொறித்த இரண்டு பித்தளை வில்லைகளில் ஒன்றைப் பெட்டியில் கட்டி மற்றொன்றைப் பயணியிடம் கொடுப்பார்கள். விமானத்தில் நம் கையை விட்டுப் போகும் பெட்டியை 'செக்டு பேகேஜ்' என்பது இதிலிருந்து வந்தது. அந்தப் பெட்டியைத் திறந்து சோதித்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருளல்ல.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் 'பில்' என்றால் பணநோட்டையும் குறிக்கும். அங்கே செக்கை பில்லால் கட்டலாம். பிரிட்டனில் பில்லை செக்கால் கட்டலாம்.

விடைத்தாளில் போடும் 'டிக்' அடையாளத்துக்கும் அமெரிக்கப் பெயர் 'செக்'தான். 'செக் த பாக்ஸ்' என்று ஒரு படிவத்தில் இருந்தால் கட்டத்தை ஆராயச் சொல்லவில்லை. அதில் டிக் அடிக்கச் சொல்கிறது.

'செக்' வினையோடு 'ஆன்', 'வித்', 'இன்' சேர்ந்தால் பொருள் எப்படி மாறும்?

அதிகம் தடுமாறவைப்பவை இவைதாம். 'செக் வித்' வந்தால் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்வது. 'செக் ஆன்' வந்தால் ஒருவர் அல்லது ஒன்று எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்ப்பது. நோயாளியை 'செக் ஆன்' செய்வது நலம் பார்ப்பது. 'செக் அப் ஆன்' என்று நடுவில் ஒரு 'அப்' நுழைந்தால் சந்தேகத்தோடு கண்காணிக்கும் வாடை வந்துவிடும். மேலாளர் ஒருவர் ஊழியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது இந்த 'அப்' தேவையில்லாத மனத்தாங்கலைக் கொண்டுவரும்.

'செக் ஃபார்' என்றால் குறிப்பிட்ட ஒன்று இருக்கிறதா என்று தேடுவது: பிழைக்காக, கசிவுக்காக. 'செக் அகெய்ன்ஸ்ட்' என்றால் இன்னொரு ஆவணத்தோடு ஒப்பிடுவது. 17ஆம் நூற்றாண்டுப் பொருள் மாறாமல் நிற்பது இதில்தான். 'செக் ஆஃப்' பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக் கழிப்பது. 'செக் இன்' விடுதியிலோ விமான நிலையத்திலோ வந்ததைப் பதிவுசெய்வது. 'செக் அவுட்' மூன்று வேலை பார்க்கும்: விடுதியைக் காலிசெய்வது, கடையில் பணம் கட்டும் இடம், பேச்சு வழக்கில் 'இதைப் பாரேன்' என்பது.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு: 'செக் அவுட்', 'செக் இன்' வினையாக வந்தால் இரண்டு சொல்லாகவும், பெயராக வந்தால் சேர்த்தோ இடைக்கோட்டுடனோ எழுதவேண்டும்.

செக் வால்வு, செக் டேம், செக் நட்: இங்கெல்லாம் எதைச் சோதிக்கிறார்கள்?

எதையும் சோதிப்பதில்லை. மூன்றிலும் பழைய தடுப்புப் பொருள். செக் டேமைத் தமிழில் 'தடுப்பணை' என்று பெயரிட்டவர் மூலத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

செக் வால்வைக் குழாய் வேலை செய்பவர்கள் என்.ஆர்.வி. ('நான்-ரிட்டர்ன் வால்வு' என்பதன் சுருக்கம்) என்பார்கள். நீர் ஒரு திசையில் போகும், திரும்பி வராது. உடம்பில் பொறித்திருக்கும் அம்புக்குறி நீரோடும் திசையில் இருக்கவேண்டும். தலைகீழாக மாட்டினால் நீரே வராது. மாட்டியது சரியாக இருந்தும் நீர் திரும்பி வடிந்தால், மூடி உட்காரும் இடத்தில் மணலோ துருவோ சிக்கியிருக்கும். கதவு போல ஆடும் வகை வால்வில், மோட்டாரை நிறுத்தியதும் 'டம்' என்ற அதிர்வு கேட்டால், திரும்பிவரும் நீர் கதவை அறைந்து சாத்துகிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் வைத்த வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

செக் நட் என்பது முதல் நட் கழலாமல் அதன்மேல் இறுக்கும் இரண்டாவது நட்.

மரத்தில் 'செக்' விழுந்திருக்கிறது என்றால்?

வெடிப்பு. மரம் உலரும்போது வருட வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த வேறுபாட்டைத் தாங்காமல் வளையங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு விரியும் கீறல்தான் 'செக்'. வளையத்தோடு வளையம் பிரிந்து வரும் வெடிப்புக்குப் பெயர் வேறு, அது 'ஷேக்'. வெட்டுமுனை வழியாக ஈரம் மற்றப் பக்கங்களைவிட மிக வேகமாக வெளியேறுவதால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அறுத்த அன்றே முனைகளில் மெழுகோ கெட்டியான பெயின்டோ பூசிவிடுவது இதற்காக. கீறல் விட்ட பிறகு பூசுவதால் பயனில்லை.

'செக் டிஜிட்' என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நீண்ட எண்ணைத் தட்டச்சும்போது தவறு நேர்ந்ததா என்று கண்டுபிடிக்கக் கடைசியில் சேர்க்கும் இலக்கம் அது. புத்தகங்களின் ஐ.எஸ்.பி.என். எண்ணை எடுத்துக்கொள்வோம். 2007 முதல் அதற்கு 13 இலக்கம். முதல் 12 இலக்கம் புத்தகத்தைக் குறிப்பவை, 13ஆவது செக்.

978030640615 என்ற 12 இலக்கத்துக்குச் செய்துபார்க்கலாம். இடமிருந்து தொடங்கி ஒவ்வோர் இலக்கத்தையும் 1ஆலும் 3ஆலும் மாறிமாறிப் பெருக்கவேண்டும்: 9, 21, 8, 0, 3, 0, 6, 12, 0, 18, 1, 15. கூட்டினால் 93. அடுத்த பத்தின் மடங்கு 100. அதை எட்ட 7 தேவை. எனவே செக் இலக்கம் 7. கூட்டுத்தொகையே பத்தின் மடங்காக வந்தால் செக் இலக்கம் 0.

ஏதாவது ஒரு இலக்கம் தவறினால் இந்த முறை நிச்சயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும், எப்போதும் அல்ல. மேலே உள்ள எண்ணில் 10ஆவது, 11ஆவது இடங்களில் 6, 1 இருக்கின்றன. அவற்றை 1, 6 என்று மாற்றிப்போட்டால் கூட்டுத்தொகை 83. செக் இலக்கம் மறுபடி 7. தவறு நழுவிவிட்டது. அடுத்தடுத்த இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருக்கும்போதெல்லாம் இந்த ஓட்டை திறக்கும். 10 இலக்கம் கொண்ட பழைய முறை 11ஆல் வகுத்தது. அதில் இந்த ஓட்டை கிடையாது. பதிலாக, மீதி பத்து வரும்போது 'எக்ஸ்' என்ற எழுத்தைப் போடவேண்டியிருந்தது.

செக்லிஸ்ட் விமானத்துறையில் பிறந்ததா?

சொல் அதற்கு முந்தியது. விமான ஓட்டுநரின் அன்றாடக் கருவியாக அது ஆனதற்குக் காரணம் 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் நடந்த விபத்து. போயிங் மாடல் 299 சோதனைப் பறப்பில், தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்கப் பூட்டிவைக்கும் கட்டுப்பாட்டுப் பலகைகளின் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். எழும்பிய சற்று நேரத்தில் விமானம் விழுந்தது. அனுபவம் மிக்கவர்களே மறக்கக்கூடிய அளவுக்கு இயந்திரம் சிக்கலாகிவிட்டது என்று புரிந்துகொண்டு, புறப்படுமுன், பறக்கும்போது, இறங்குமுன் என்று பட்டியல் எழுதிக் கையில் கொடுத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கென வெளியிட்ட 19 அம்சப் பட்டியலும் இதே வழியில் வந்தது. மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், அறையை விட்டு நோயாளி வெளியேறுமுன் என அதற்கு மூன்று கட்டம்.

ரெயின் செக், பிளாங்க் செக், செக்ஸ் அண்டு பேலன்ஸஸ்: இவற்றில் எந்தச் செக் எது?

'ரெயின் செக்' அடையாளச் சீட்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால், டிக்கெட்டின் துண்டைக் காட்டி வேறொரு நாள் ஆட்டத்தைப் பார்க்கலாம். இன்று ஓர் அழைப்பை 'இப்போது முடியாது, பிறகு வருகிறேன்' என்று நயமாக மறுப்பதற்கு இதைச் சொல்வார்கள். முழு மறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேருக்குச் சொல்பவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

'பிளாங்க் செக்' தொகை எழுதாத காசோலை. 1914 ஜூலை 5 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஜெர்மனி அளித்த நிபந்தனையற்ற ஆதரவு வரலாற்றில் இந்தப் பெயரோடு நிற்கிறது.

'செக்ஸ் அண்டு பேலன்ஸஸ்' தடுப்புக் கிளை. அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைக் குடியரசுத் தலைவர் நிராகரிக்கலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அந்த நிராகரிப்பை முறிக்கலாம். ஒருவர் கையை இன்னொருவர் பிடிக்கும் ஏற்பாடு என்பதால், 'சரிபார்ப்பு' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும்.

சைனீஸ் செக்கர்ஸுக்கும் சீனாவுக்கும் என்ன தொடர்பு?

எதுவுமில்லை. 1892இல் ஜெர்மனியில் 'ஸ்டெர்ன்-ஹால்மா' என்ற பெயரில் வந்த ஆட்டம் அது. 1928இல் அமெரிக்காவில் விற்பனைக்காகச் சீனப் பெயர் சூட்டினார்கள். 'செக்கர்' என்பதும் பொருந்தாது: பலகையில் சதுரக் கட்டமே இல்லை, நட்சத்திர வடிவில் 121 குழிகள். உண்மையான செக்கர்ஸ், பிரிட்டனில் 'டிராஃப்ட்ஸ்' எனப்படுவது. 64 கட்டப் பலகையில் ஆளுக்கு 12 காய்.

மற்ற விளையாட்டுகளில்?

ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக ஓடும் 'பக்'கை வைத்திருப்பவரை உடம்பால் இடித்து மறிப்பது 'பாடி செக்'. இரு கையாலும் பிடித்த மட்டையின் தண்டால் இடித்தால் அது 'கிராஸ் செக்', தண்டனைக்குரியது. போக்கர் என்ற சீட்டாட்டத்தில் பந்தயம் கட்டாமல் முறையை அடுத்தவருக்கு விடுவது 'செக்'. உங்களுக்கு முன் யாரும் அந்தச் சுற்றில் பந்தயம் கட்டியிருக்கக் கூடாது.

செஸ்ஸில் 'டபுள் செக்' என்றால் இரண்டு காய்கள் ஒரே நேரத்தில் ராஜாவைத் தாக்குவது. இரண்டையும் ஒரே நகர்வில் வெட்டவோ மறிக்கவோ முடியாததால் ராஜா நகர்ந்தே தீரவேண்டும். அன்றாட ஆங்கிலத்தில் 'டபுள் செக்' என்றால் இன்னொரு முறை சரிபார்ப்பது, இரண்டுக்கும் தொடர்பில்லை. போட்டி ஆட்டங்களில் 'செக்' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்ற விதியும் இப்போது இல்லை. சொல்லைப் பிறப்பித்த குரல் பலகையில் ஏறக்குறைய அடங்கிவிட்டது.

செக் குடியரசு? எண்ணெய் ஆட்டும் செக்கு?

இரண்டும் உறவில்லை. செக் மக்களின் பெயர் ஸ்லாவிய இனப்பெயர்; ஆங்கிலம் அதைப் போலந்து எழுத்துமுறையில் எழுதுவதால் 'சி-இசட்' என்று தொடங்குகிறது. செக்கு நம் சொல்.

தமிழில் எழுதும்போது எதை எங்கே போடுவது?

வங்கித் தாளுக்குக் 'காசோலை'. துணிக்குக் 'கட்டம் போட்ட'. பதிவோடு ஒத்துப்பார்ப்பதற்குச் 'சரிபார்', உடல்நலத்துக்குப் 'பரிசோதனை', வாகனத்தை மறித்துப் பார்க்கும் இடத்துக்குச் 'சோதனைச் சாவடி'. வேகத்தையோ விலையையோ நோயையோ 'செக்' செய்வது என்று ஆங்கிலத்தில் வந்தால் ஒரு கணம் நின்று பார்க்கவேண்டும்: விலையைக் கேட்டறியச் சொல்கிறதா, ஏறாமல் கட்டுப்படுத்தச் சொல்கிறதா? பின்னது என்றால் 'கட்டுப்படுத்து', 'தடு'. 'கீப் இன் செக்' என்று வந்தால் எப்போதும் பின்னதுதான். எதிராளியை அசையவிடாமல் செய்வதற்கு மட்டும் 'செக் வைத்தான்' என்றே எழுதலாம். பேச்சில் அது நன்றாக ஊறிவிட்டது, மூலப் பொருளும் சிதையவில்லை.